தப்பு என்னோடதுதான்

நேர்காணலுக்குப் போன இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். “நிறைமதி, உங்க பேர்ல தினமும் ஒரு தப்பு பதிவாகுது. எப்படி வேலைக்கு எடுக்கறது?”

பழைய கம்பெனியை நான் விட்டு ஒரு வருடமாகிறது. என் குரலை அவர்கள் விடவில்லை. ஆலோசகராக நான் கிளையண்டுகளிடம் பேசியதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, என்னைப் போலவே பேசும் ஒரு நகலைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். யார் எழுதிய மென்பொருள் படுத்தாலும் சரி, கிளையண்ட் கத்த ஆரம்பித்ததும் அது என் பெயரிலேயே பணிவாகச் சொல்லும்: “ஸாரி சார், தப்பு என்னோடதுதான்.” கிளையண்டைச் சமாதானப்படுத்த எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் அது.

நேராக அந்தக் கம்பெனியின் சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போய், மேனேஜர் பெனடிக்டின் மேஜையைத் தட்டினேன். “அதை அழிங்க! கண்டவன் செஞ்ச தப்பையெல்லாம் என் தலையில கட்டறீங்க!”

“கோபப்படாதீங்க மேடம். நாங்க எதையும் சேர்க்கல. நீங்க பேசினதைத்தான் அது கத்துக்கிச்சு. ‘நான் செய்யல’ன்னு ஒரு மீட்டிங்லயாவது சொல்லியிருக்கீங்களா?”

“சொல்ல விட்டீங்களாய்யா? இப்ப சொல்றேன், கேட்டுக்கோ! நான் செய்யல! ஒண்ணுகூட நான் செய்யல!”

நான் போட்ட சத்தத்தில் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரில் பச்சை விளக்கு எரிந்தது. அதிலிருந்து என் குரல், கொஞ்சமும் நடுங்காமல் பேசியது.

“ஸாரி சார், தப்பு என்னோடதுதான். சத்தம் போட்டிருக்கக் கூடாது.”

பெனடிக்ட் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தார்.

“பரவாயில்ல, நிறைமதி.”