கடைசி வரிசைக்கும் கேட்கணும்

"சத்தமா சொல்லுப்பா, கடைசி வரிசைக்கும் கேக்கணும்" என்று மைக்கை அவன் வாயருகே தள்ளினார் சபை மூப்பர்.

வெள்ளை அங்கியோடு நின்றவனுக்கு அன்று ஞானஸ்நானம். மேடைக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி நிறைய தண்ணீர். தொட்டிக்குக் குழாயும் மோட்டாரும் மூப்பரின் இரும்புக்கடையிலிருந்து வந்தவை. அதனால் தண்ணீரைத் திறப்பதும் வடிப்பதும் அவர்தான். முழுக்கு எடுக்கிறவர்கள் முதலில் தங்கள் பழைய வாழ்க்கையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்ற விதியும் அவர் கொண்டுவந்ததுதான்.

சபையில் அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான்.

பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் திருடன். ஒரு துணிக் கிடங்கோட பூட்டை உடைச்சேன். மாட்டிக்கிட்டேன். ஜெயிலுக்குப் போனேன். அங்கதான் ஆண்டவர் என்னைத் தேடி வந்தாரு. மிச்சமிருக்கிற காலத்தையாவது அவருக்குக் கொடுக்கணும்னு ஆசைப்படறேன்."

போதகர் "ஆமென்" சொல்லிவிட்டுத் தொட்டிப் படியில் காலை வைத்தார்.

"இருங்க பாஸ்டர். கதை பாதியில நிக்குதே" என்றார் மூப்பர். "ஏம்பா, அன்னிக்குக் கிடங்கு வாசல்ல ஒரு வேன் நின்னுச்சாம். போலீஸைப் பார்த்ததும் பறந்துடுச்சாம். பேப்பர்லயே போட்டிருந்தான். அதை ஓட்டினது யாரு?"

பூட்டு தலைகுனிந்தான்.

"அது ஆண்டவருக்குத் தெரியும், ஐயா."

"ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதுமா? சபைக்குத் தெரிய வேண்டாமா?"

"என் பாவத்தை நான் சொல்லிட்டேன் ஐயா. இன்னொருத்தர் பாவத்தைச் சொல்ல நான் யாரு?"

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவன், வாய்ப் பூட்டை மட்டும் திறக்க மாட்டேங்கறியே."

முன் வரிசையில் சிரித்தார்கள். மூப்பருக்குக் கோபமெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று இவன் வந்த முதல் நாளே சொன்னவர் அவர். போதகர்தான் கேட்கவில்லை.

"அந்த வேன்காரன் இன்னிக்கு எங்கயோ நல்லவன் வேஷம் போட்டுக்கிட்டுத் திரியறான். அவனை மறைக்கிற வரைக்கும் நீ மனந்திரும்பல, அவன் கூட்டாளியாத்தான் இருக்கே. பழகறதுன்னா யாரோட பழகணும் தெரியுமா?" மூப்பர் கீபோர்டுப் பக்கம் கையை நீட்டினார். "எங்க மாப்பிள்ளையைப் பாரு. ஒரு கெட்ட பேர் உண்டா?"

கீபோர்டு வாசிக்கிற மாப்பிள்ளை கட்டைகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடக்கமானவர்.

"சிலுவையில தொங்கின கள்ளன்கிட்ட ஆண்டவர் இவ்வளவு கேள்வி கேக்கலையே, மூப்பரே" என்றார் போதகர் மெதுவாக.

"அவரு ஆண்டவர், பாஸ்டர். நாம சபை நடத்தணும்."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பூட்டு அங்கியைக் கழற்றினான். விடியற்காலையில் அவனே இஸ்திரி போட்ட அங்கி. மடிப்புக் கலையாமல் மடித்து நாற்காலியில் வைத்தான். இந்த ஒரு நாளுக்காக ஜெயிலில் ஏங்கிக் கிடந்தவன்.

"ஐயாவுக்கு எப்ப சரின்னு படுதோ, அப்ப வரேன்."

நடந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அங்கே கைக்குழந்தையோடு இருந்த மூப்பரின் மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இனித் தண்ணீர் எதற்கு? மூப்பர் குனிந்து, தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கச் சங்கிலியைத் தேடினார். பக்கத்தில் யாரோ மண்டியிட்டார்கள். மாப்பிள்ளை.

"மாமா, தண்ணியை வடிச்சிடாதீங்க."

"ஏன் மாப்பிள்ளை?"

"அந்த வேனை ஓட்டினது நான்."

சங்கிலி மூப்பரின் கையோடு நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னால நடந்தது. உங்க பொண்ணுக்குத் தெரியாது. போலீஸ் அடிச்ச அடியிலகூட அவரு என் பேரைச் சொல்லல. இங்க வந்த அன்னிக்கே என்னை அடையாளம் கண்டுகிட்டாரு. இருந்தும், முன்னப்பின்ன பார்க்காதவர் மாதிரி கை கொடுத்துட்டுப் போய் உட்கார்ந்தாரு." மாப்பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கும் என்னைக் காப்பாத்தத்தான் அங்கியைக் கழட்டினாரு. இதுக்கு மேல என்னால முடியாது மாமா. மைக்கைக் கொடுங்க, நானே சபையில சொல்லிடறேன்."

எழுந்து மேடைக்கு நடந்தார்.

இரும்பு தூக்கிப் பழகிய உடம்பு மூப்பருக்கு. அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையை முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

சபை மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது.

"சபையாரே... யோசிச்சுப் பார்த்தேன். பாஸ்டர் சொன்னதுதான் சரி. ஒருத்தரோட பழசையெல்லாம் நாம கிளறக் கூடாது. அது... ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும். தம்பி, வந்து அங்கியைப் போட்டுக்கங்க."

குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

கடைசி வரிசையில், குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே மகள் எழுந்து நின்றாள்.

"இங்க ஒண்ணும் கேக்கல, அப்பா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."