கள்ளி மொட்டு

மாதக்கணக்கில் கப்பல் வேலையில் இருந்துவிட்டு அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தார் அவர்.

"இங்க வாயேன்! உன் கள்ளிச் செடி மொட்டு விட்டிருக்கு!" என்று வாசல் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்துக் கூவினார்.

மனைவி அடுப்படியை விட்டு வரவில்லை.

"ராத்திரி பூரா இருட்டுல இருந்தாத்தான் இது பூக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வாசல் லைட்டை அணைக்க விட்டியா நீ? இப்பவாவது என் பேச்சைக் கேட்டியே!"

"உங்க பேச்சைக் கேட்டு அணைக்கல."

அவர் சிரிப்பு அடங்கியது. கோபித்துக்கொண்டு போன மகன் என்றைக்காவது இருட்டில் திரும்பி வந்தால் தட்டுத்தடுமாறக் கூடாதென்று, வருஷக்கணக்கில் அவள் எரியவிட்ட விளக்கு அது.

"இனிமே அவன் எங்க வரப்போறான்?" என்றாள், திரும்பாமலே.

அவர் போய், பட்டப்பகலில் அந்த விளக்கைப் போட்டார்.