வடிவின் பங்குப் புகை

மருத்துவமனைக்குத் தவசி கட்ட வேண்டிய பாக்கி அறுபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதைக் கட்டினால்தான் இறந்துபோன மனைவி வடிவின் உடலைத் தருவார்கள்.

அவனுடைய மெக்கானிக் பட்டறையில் பூபதியின் எட்டு சிலிண்டர் பெட்ரோல் கார் எஃப்.சி. தகுதிச் சான்றுக்காக நின்றது. தவசி இரண்டு சைலன்சர்களைக் காட்டினான்.

"இதப் போட்டா அப்படியே பாஸாகும் தம்பி. புகையும் கம்மி, சத்தமும் கம்மி."

"சத்தம் வேணாம்னா நான் தையல் மிஷின் வாங்கியிருப்பேனேண்ணே. இன்னொண்ணப் போடுங்க."

"அதுக்கு, சர்க்கார் ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்து குடுத்த புகைப் பங்குல ஒங்களது மட்டும் பத்தாது. வேற ஆளோட பங்கும் சேரணும்."

பூபதி குரலைத் தாழ்த்தினான். "மதினி பங்கு சும்மாதான கெடக்கு? குடுங்க, ஆஸ்பத்திரிப் பாக்கிய நான் கட்டிர்றேன்."

அவளுக்கென்று மிச்சமிருந்தது சிதைக்கான புகை மட்டும்தான். அதை விற்றுவிட்டால் எரிக்க அனுமதி கிடையாது. வடிவுக்கு இருட்டென்றால் பயம். "என்னைய மண்ணுல போட்டு மூடிறாதீங்க, எரிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். சரி என்று தலையாட்டியவன்தான் இவன்.

இன்னும் எத்தனை நாள் குளிர்பெட்டியில் கிடப்பாள்? தவசி பங்கு மாற்றும் தாளில் பெருவிரல் ரேகையை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

கார் பாஸானது. பூபதி சந்தோஷம் தாங்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, தெரு அதிர்ந்தது. கரும்புகை கிளம்பிப் பட்டறையை மூடியது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். தவசி பொத்தவில்லை. அது கலையும்வரை கைகூப்பி நின்றான்.

சாயங்காலம் மருத்துவமனைக் கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"பாக்கி ஒண்ணும் இல்லண்ணே. பாடிய எடுத்துக்கலாம்."