குளிர் புகாத கதவு

“அந்த மூலையைக் கெட்டியா அமுக்கு. இந்தக் கதவை மட்டும் ஒழுங்கா அடைச்சிட்டா, இருபது வருஷத்துக்கு உனக்குக் கவலையே இல்ல” என்றார் விர்கிஸ்.

ரபோலஸ் இரண்டு கைகளாலும் தெர்மாகோல் பலகையை இரும்புக் கதவோடு சேர்த்து அமுக்கினார். போன ஜனவரியில் இந்தக் கதவு வழியாகத்தான் குளிர் இறங்கி, கராஜின் அடிக்குழியில் சேர்த்து வைத்திருந்த உருளைக்கிழங்கு அத்தனையும் உறைந்து அழுகிப் போனது. மருமகன் அதை இரண்டு மாதம் சொல்லிக்காட்டினான்.

நாலாவது மாடியிலிருந்த மகள் வீட்டில் ரபோலஸுக்கென்று இருந்தது ஒரு சோபாவும் அலமாரியில் ஒரு தட்டும்தான். பனெவெஜிஸ் நகரின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் நாற்பத்தொரு கராஜ்களில் இந்த ஒன்று மட்டுமே அவர் இஷ்டப்படி உட்காரவும் எழுந்திருக்கவும் இடம் கொடுத்தது.

அதற்கும் வேட்டு வைக்க ஒரு கம்பெனி வந்திருந்தது. வரிசை முழுவதையும் இடித்துவிட்டுப் பெரிய கடை கட்டப் போகிறார்களாம். விற்பதா வேண்டாமா என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கராஜ் சங்கத்தில் ஓட்டெடுப்பு. சங்கத் தலைவர், பக்கத்துக் கராஜ்காரரான இதே விர்கிஸ்தான்.

“மீட்டிங்குக்கு நேரமாச்சு. இரு, கையைக் கழுவிட்டு வரேன்” என்றார் ரபோலஸ்.

“யோவ், புத்தி இருக்கா உனக்கு? நாளையிலேர்ந்து உறைபனின்னு ரேடியோவுல சொல்லியாச்சு. குளிர்ல இந்தப் பசை பிடிக்காது. பாதிக் கதவை விட்டுட்டு வந்தா, மீதிப் பாதி வழியா பனி வந்து உன் கிழங்கை நலம் விசாரிச்சிட்டுப் போகும்.”

“அப்போ என் ஓட்டு?”

“நான் எதுக்கு இருக்கேன்?” விர்கிஸ் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “உனக்குப் பதிலா நான் போடலாம்னு இதுல கையெழுத்துப் போடு. சங்க விதியிலயே இருக்கு.”

“விக்கக் கூடாதுன்னு போடணும். தெரியுமில்ல?”

“முப்பது வருஷமா நமக்கு நடுவுல ஒரே சுவரு. நீ எனக்குச் சொல்லித் தரியா?”

பசைக் கையோடு கையெழுத்துப் போட்டதில் தாள் ரபோலஸின் விரலோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது விர்கிஸ் திரும்பினார். “என் குழியில இருந்த மூணு மூட்டைக் கிழங்கையும் வெள்ளரிக்காய் ஜாடிங்களையும் வெளியே எடுத்து வச்சிருக்கேன். நீயே வச்சுக்க.”

“உனக்கு?”

“எங்க வீட்டுல யாரு திங்கிறா? மருமக எல்லாத்தையும் கடையிலதான் வாங்குறா.”

ரபோலஸுக்கு நெஞ்சு நெகிழ்ந்து போனது. மிச்சமாகும் தெர்மாகோலை வைத்து விர்கிஸ் கதவையும் தானே அடைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

மதியச் சாப்பாடு, நின்றபடியே கறுப்பு ரொட்டியும் இரண்டு துண்டு பன்றிக்கொழுப்பும். மகளுக்குத் தெரியாமல் எடுத்து வந்த ரொட்டிக் கத்தியால் பலகைகளை அளந்து அறுத்தார். இடுக்குகளில் நுரைப் பசையை அடித்து, கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடிவிளிம்பில் ரப்பர் பட்டையை ஆணியடித்து முடிக்கும்போது வெளிச்சம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து விர்கிஸுக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் ரெண்டு கிளாஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பான் என்று நினைத்து ரபோலஸும் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை முட்டுக் கட்டைகளை எடுத்துவிட்டு, உள்ளே நின்றபடி கதவைச் சாத்திப் பார்த்தார். ஊசி முனை அளவுகூட வெளிச்சம் வரவில்லை. உள்ளங்கையை வைத்தால் வெளியே பனி இருப்பதே தெரியவில்லை. இத்தனை வயதில், யார் தயவும் இல்லாமல், நானே செய்தது என்று பெருமை பொங்கியது.

அப்போது கதவின் வெளிப்பக்கம் ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், ஆரஞ்சுச் சட்டை போட்ட இளம்பெண் ஒருத்தி சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, என்ன பண்றே என் கதவுல?”

“இடிக்கறதுக்குக் குறி போடுறேன், ஐயா. நேத்து ஓட்டெடுப்பு முடிஞ்சிருச்சே, தெரியாதா? மாசக் கடைசிக்குள்ள சாமானை எல்லாம் எடுத்துடுங்க.”

ரபோலஸ் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். கதவைப் பிடித்துக்கொண்டார்.

“வாய்ப்பே இல்ல. எங்க பக்கம்தான் ஆள் அதிகம். விர்கிஸ் விரல் விட்டு எண்ணிச் சொன்னானே!”

“ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்தான், ஐயா.”

கூடவே இருந்தவன், கூட உட்கார்ந்து குடித்தவன் எவனோ கழுத்தறுத்துவிட்டான். பதினாலாம் நம்பர்காரனா? அந்த நொண்டி டிரைவரா? ரபோலஸ் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தார்.

“எவன்மா அவன்? கடைசியில கட்சி மாறினவன் எவன்? பேரைச் சொல்லு. அவன் மூஞ்சியில துப்பிட்டுத்தான் இங்கேர்ந்து போவேன்!”

அவள் பையிலிருந்து, யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதியிருந்த கூட்டக் குறிப்பை எடுத்துப் புரட்டினாள். விரலை ஓட்டிக் கடைசி வரியில் நிறுத்தினாள்.

“ரபோலஸ்னு ஒருத்தர். உங்களுக்குத் தெரிஞ்சவரா, ஐயா?”