காலி முதுகு

"மலைக்கோட்டையைச் சுத்திப் பார்த்துட்டு வரலாம், வாடா" என்று வெள்ளாடும் நாயும் கூப்பிட்டபோதே கழுதைக்கு நெருடியது. முதுகில் பொதி இல்லாமல் அதை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

"மேலே என்ன இருக்கு?"

"நல்ல காத்து. பழைய மதில்" என்றது ஆடு.

"மதில்னா கல்லுதானே?" கழுதை பிடித்துக்கொண்டது. "அதை யாரு கீழே கொண்டுவரப் போறது?"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. இந்தச் சிரிப்பே சரியில்லை என்று நினைத்த கழுதை, முதுகு அவற்றின் பக்கம் திரும்பாதபடி கடைசி ஆளாக ஏறியது.

பாதி மலையில் நாய் ஒரு சுனையைக் காட்டி, "குடிடா, ஜில்லுனு இருக்கு" என்றது. குனியும் நேரம் பார்த்து எதையாவது ஏற்றிவிட்டால்? கழுதை குடிக்காமல் நாக்கு வறண்டபடியே நடந்தது.

உச்சியில் ஆடு துள்ளியது. "அங்கே பாரு, நம்ம ஊரு!"

கழுதை திரும்பவில்லை. மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறி முறைத்தது.

சாயங்காலம் காலி முதுகோடு கொட்டிலுக்குத் திரும்பியதும் கோழி ஓடிவந்து கேட்டது: "கோட்டை எப்படி இருந்துச்சு?"

"கோட்டையை எங்கே பார்க்க விட்டானுங்க?" என்று பொரிந்தது கழுதை. "நாள் பூரா அவனுங்களையே பார்த்துக்கிட்டிருக்க வேண்டியதாப் போச்சு!"