தரை காயும் வரை

"வீட்டுக்குள்ள வந்துட்டா. வாளியில தண்ணி. தரை தொடைக்கா," என்று ஜெசிந்தா கணவர் காதுக்குள் சொன்னாள்.

மதியக் காட்சி. தூத்துக்குடியின் அந்தத் திரையரங்கில் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

சர்க்கரை நோய் அருளப்பனின் பார்வையைக் கொண்டுபோய் மூன்று வருடம் ஆகிறது. கல்யாண வீடுகளில் இருபத்தைந்து வருடம் போட்டோ எடுத்த மனிதர். கேமராவை விற்றுவிட்டார். சினிமாவை மட்டும் விட முடியவில்லை.

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். யார் வருகிறார்கள், என்ன நிறத்தில் சட்டை, எந்த இடத்தில் அழுகிறார்கள்.

சொல்வதற்காகவே பார்த்துப் பார்த்து, அவளுக்கென்று எந்தப் படமும் மனதில் நின்றதில்லை.

"செவப்பு சிமெண்டு தரை. ஈரத்துல வாசல் தெரியுது. வாசல்ல..."

நிறுத்தினாள்.

"வாசல்ல?"

"அவ புருசன். பதினோரு வருசம் கழிச்சி வந்து நிக்கான். ஈரத்துல தலைகீழா தெரியுதான்."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

கேமரா தரையை விட்டு நகரவே இல்லை. அந்தப் பெண்ணும் நிமிரவில்லை. ஈரத்துணி அவன்மேல் போனது. அவன் உடைந்தான். தண்ணீர் அடங்கியதும் மெல்லச் சேர்ந்து, மறுபடி நின்றான். தோளில் ஒரு பை. பின்னால் வெள்ளை வெயில்.

இசை இல்லை. படத்து வீட்டில் மேலே எங்கோ ஒரு மின்விசிறி கிறீச்சிடுவது மட்டும்.

துடைத்து முடித்து அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்தாள்.

தரை காயத் தொடங்கியது.

முதலில் அவன் தலை போனது.

பிறகு தோள். பை.

தினமும் இரண்டு வேளை தரை துடைக்கிறவள் ஜெசிந்தா. ஒருநாளும் தரை காய்வதைப் பார்த்ததில்லை.

அரங்கில் ஒருவரும் இருமவில்லை. அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது, மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது போகுமே, அப்படி.

வாசலருகே உள்ளங்கை அளவு ஈரம் மிஞ்சியது. அதில் ஒரு ஜோடி செருப்பு.

அதுவும் காய்ந்தது.

வெறும் சிவப்புத் தரை. திரை முழுக்க.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எவ்வளவு நேரம் பேசாமல் இருந்துவிட்டாள். பக்கத்திலேயே அவரை இருட்டில் தனியாக விட்டுவிட்டாள்.

"ஏங்க, மன்னிச்சிருங்க. வாயடைச்சிப்போச்சி. இந்தா சொல்லுதேன்..."

அருளப்பன் அவள் கையை அழுத்தினார்.

"காத்தாடி ஓடுத சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சில்லா," என்றார். "தரை காஞ்சிருக்கும். அவன் போயிருப்பான்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் முகத்தில் திரையின் சிவப்பு படிந்திருந்தது.

இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.