வலி பார்க்கிறவள்

நோயாளியின் வலியை ஒரு நிமிஷம் தன் உடம்பில் வாங்கிப் பார்த்துவிட்டு, பத்துக்கு எத்தனை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். நரம்பு ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவுக்குப் பதினோரு வருஷமாக இதுதான் வேலை. அவள் சொல்லும் எண்ணை வைத்துத்தான் மருந்து எழுதுவார்கள்.

அன்று வந்த லாரி டிரைவர் சவரிமுத்து, பெஞ்சில் உட்காரவே பயந்தார்.

“இடுப்புல புடிச்சு இடது குதிகால் வரைக்கும் நெருப்பள்ளிக் கொட்டுன மாதிரி எரியுதும்மா.”

ஜெசிந்தா, நோயாளியின் வலியைத் தனக்குக் கடத்தும் தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள். புதிதாக எதுவும் வரவில்லை. உடம்பு எப்போதும் இருக்கிற மாதிரியேதான் இருந்தது.

“ஒண்ணுமே இல்ல டாக்டர். சைபர்.”

டாக்டர் ‘நடிப்பு’ என்று எழுதி ஃபைலை மூடினார். சவரிமுத்து சண்டைக்கு வரவில்லை.

“வீட்லயும் இதைத்தான் சொல்றாங்க” என்றபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகால் தரையில் படாமல் வாசல்வரை விந்திப் போனார்.

அடுத்த ஆளைக் கூப்பிட ஜெசிந்தா எழுந்தாள். வழக்கம்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது குதிகால் தரையில் படாமல் நாலடி வைத்தாள். வாசலில் நின்ற சவரிமுத்து அவள் காலையே பார்த்தார்.

“உனக்கு இது எத்தன வருசமா இருக்கும்மா?”

“எது?” என்றாள் ஜெசிந்தா.